சிங்கப்பூரில் யாரும் கூப்பிடவில்லை

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே சில வருஷங்கள் ஓடிவிட்டன. எழுதினால் என் நாத்தனாருக்கு மனசு நோகும். எழுதாமல் விட்டால் சொந்தக்காரர்கள் வாயில் இந்தக் கதை இன்னும் எப்படியெல்லாம் வளருமோ தெரியாது. போதாததற்கு, என் மகள் வேலை செய்யும் கம்பெனியில் உள்ளே நடப்பதை வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டது அவள்தான், நான் இல்லை. ஆனாலும் பயம் பயம்தானே. போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு முருகனிடம் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் பூத் தொடுத்துக்கொண்டிருந்த நாத்தனார்தான் சொன்னார்.

"எழுதேன். ஆனா நான் சொன்னத மட்டும் மாத்தாத."

அதனால் எழுதுகிறேன். யார் பெயரும் போடவில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். கிள்ளானில் எங்களுக்கு ஒரு தெரஸ் வீடு. வீட்டுக்காரர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். அவருடைய அக்காதான் என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் கணவர் தவறிப்போன பிறகு எங்களோடு வந்து இருந்துவிட்டார். எங்களுக்கு ஒரே பெண். கம்ப்யூட்டர் படித்தாள். தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம், ரயில் நிலையத்தை ஒட்டிய ஓர் உயரமான கட்டடத்தில், ஜப்பான்காரர்களின் விளையாட்டுக் கம்பெனிக் கிளையில் வேலை கிடைத்தது. பிள்ளைகள் டிவியில் மாட்டி விளையாடுகிறார்களே, அந்த விளையாட்டைச் செய்கிற கம்பெனி. தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருவாள்.

அந்த வேலை எங்கள் வீட்டில் பாதிக் கூரையைத் தாங்கியது. என் வீட்டுக்காரருக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. ராத்திரி ஷிப்ட் வேண்டாம் என்று அவர் சொல்ல முடிந்ததே மகள் வேலையை நம்பித்தான். அதனால் அந்த வேலைக்கு ஒன்று என்றால் எனக்குச் சோறு இறங்காது.

தீபாவளிக்கு முந்தின வாரம் நானும் அண்ணியும் மகளும் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தோம். மகள் மாவு உருட்டியபடி சும்மாதான் சொன்னாள்.

"எஞ்சின் பத்தி எனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்காரு பாஸ்."

அண்ணியின் கையில் முறுக்குக் குழல் அப்படியே நின்றது.

"எல்லாத்தையுமா?"

"ஆமா அத்தை. படம் பிடிக்கக்கூட ஆள் வரும். நான் செய்றத ஸ்க்ரீன்ல அப்படியே ரெக்கார்ட் பண்ணுவாங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். அண்ணி கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் ரேடியோ சாமான் பொருத்தும் வரிசையில் வேலை செய்தவர், பின்னால் அந்த வரிசைக்கே லைன் லீடராக இருந்தவர். ஒருநாள் மேலிருந்து ஆட்கள் வந்தார்களாம். நீ செய்வதைப் படிப்படியாகச் சொல் என்று கேட்டு எழுதிக்கொண்டார்களாம். கேமராவும் வைத்தார்களாம். நன்றாகச் செய்கிறீர்கள், அதனால்தான் என்று சிரித்து, ஆளுக்கு ஒரு பெட்டி கேக் கொடுத்தார்களாம். கொஞ்ச மாதத்தில் அந்த வரிசையே வேறு நாட்டுக்குப் போய்விட்டது. இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"கேக் கொடுத்தாங்களா?" என்று அண்ணி கேட்டார்.

மகளுக்கு ஆச்சரியம். "வெள்ளிக்கிழம கொடுத்தாங்களே, எப்படித் தெரியும்?"

"முடிஞ்சிச்சு," என்றார் அண்ணி.

என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "எஞ்சின்னா என்ன எஞ்சின், லோரி எஞ்சின் மாதிரியா?" என்று கேட்டார்.

"அதே மாதிரிதான்பா. வெளிய தெரியிற ஆளு, வீடு, மரம் எல்லாம் பாடி. அதுங்கள ஓட வைக்கிறது, விழ வைக்கிறது, வெளிச்சம் சத்தம் காட்டுறது, அதெல்லாம் உள்ள இருக்கிற எஞ்சின். எங்க கம்பெனி அத சொந்தமா செஞ்சு வச்சிருக்கு. மத்தவங்க நிறைய பேரு வெளிய வாடகைக்கு எடுக்குறாங்க."

"லோரி ஓட்டுறவன் எவனாச்சும் சொந்தமா எஞ்சின் செய்வானா? பைத்தியமா அவனுங்க?"

மகள் சிரித்தாள். ஜப்பானில் அவள் கம்பெனி போல நடுத்தரமானவை நிறைய அப்படித்தான் ஆரம்பித்தார்களாம். தங்கள் விளையாட்டில் ஒருவன் வாளை ஓங்கினால் எந்த இமைப்பில் அது வெட்ட வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறதாம். ஊரான் எஞ்சினில் அது கொஞ்சம் பிசகும் என்று பயமாம். பிசகினால் வாங்குகிறவன் உடனே கண்டுபிடித்துவிடுவானாம்.

"அப்ப நல்லதுதானே? சொந்த வீடு மாதிரி," என்றேன்.

"சொந்த வீடுதான்மா. ஆனா கூரை ஒழுகினா நாமதான் ஏறணும். புதுசா ஒரு விளையாட்டு மெஷின் கடைக்கு வந்தா எஞ்சினையும் அதுக்கு ஏத்த மாதிரி நாங்களே மாத்தணும். பெரிய கம்பெனிக்கு ஆள் படையே இருக்கு, ஏறிடுவாங்க. சின்ன கம்பெனி வெக்கப்படாம வாடகைக்குப் போயிடும். எங்களது எம் ஃபார்ட்டி லா."

எம் ஃபார்ட்டி என்பது எங்கள் நாட்டு அரசாங்கக் கணக்கில் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்குப் பெயர். உதவித் தொகையும் வராது, வசதியும் இருக்காது. எனக்கு அது உடனே புரிந்தது.

புரிந்ததும் பயம் கூடியது. ஏனென்றால் அந்த எஞ்சினைச் செய்த பழைய ஜப்பான்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்களாம். உள்ளே குறிப்பெல்லாம் ஜப்பான் எழுத்தில்தானாம். இவள் அதற்காகவே அந்த மொழி படித்து உள்ளே இறங்கினவள். அவள் பிரிவில் நாலு பேர் என்றாலும் அடி ஆழம் வரை போனது இவள் ஒருத்திதான். வெளியே வேறு எந்தக் கம்பெனியிலும் அந்த எஞ்சின் கிடையாது. அப்படியென்றால் இவள் கற்றது வேறு எங்கே செல்லும்?

"எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் நீ எதுக்கு?" என்று அண்ணி கேட்டார்.

"அத்தை, எங்க பாஸ் அப்படிப்பட்டவரு இல்ல."

"எங்க பாஸும் அப்படிப்பட்டவரு இல்லதான்."

மகள் முறுக்கை எண்ணெயில் போட்டாள்.

தீபாவளி அன்று வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. பக்கத்து மலாய்க்காரக் குடும்பம், முன்வீட்டுச் சீன ஆன்ட்டி, லோரிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். மகள் ஆபீசிலிருந்தும் ஒரு கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்தோடு, மகள் பாஸ் என்று சொல்லும் அந்த ஜப்பான் மேலாளரும் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த மனிதர். வாசலில் காலணியைக் கழற்றினார். பிறகு குனிந்து, இரண்டையும் எடுத்து, மூக்கு வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரித் திருப்பி, ஒட்டி வைத்தார்.

அண்ணி என் இடுப்பில் இடித்தார். "பார்த்தியா? உள்ள வரும்போதே போறதுக்கு ரெடியா திருப்பி வைக்கிறான்."

"அது அவங்க வழக்கமா இருக்கும் அண்ணி."

"வழக்கந்தான். அதைத்தான் சொல்றேன்."

கையில் ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தார். திறந்து பார்த்தால் கேக். நான் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைக்கவில்லை. குளிர்ப் பெட்டிக்கு மேல் தள்ளி வைத்தேன். பண்டிகை நாளில் ஒருவர் கொண்டுவந்ததைச் சாமி முன்னால் வைக்காதது அதுதான் முதல் தடவை.

மகள் பின்கட்டில் சிநேகிதிகளுக்குக் கறி ஊற்றிக்கொண்டிருந்தாள். நானும் அண்ணியும் மேலாளர் பக்கத்தில். அவர் இங்கே வந்து பல வருஷம் ஆகிவிட்டதால் கொஞ்சம் மலாய் பேசுவார். முறுக்கை இரண்டு கையாலும் வாங்கினார், நன்றாக இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி மலாயில் கேட்டார்.

"உங்க மகள் இந்த வேலையில இன்னும் ரொம்ப வருஷம் இருப்பாங்களா? வீட்டுல என்ன நினைக்கிறீங்க?"

எனக்கு எங்கள் கோயில் ஞாபகம் வந்தது. கோயில் நிர்வாகக் கூட்டத்துக்கு முன்பு தலைவர் ஒவ்வொரு வீடாக வந்து காப்பி குடித்துவிட்டுப் போவார். கூட்டத்தில் கை தூக்குவது வெறும் சடங்குதான், முடிவு அந்தக் காப்பியிலேயே ஆகியிருக்கும். கல்யாணப் பேச்சும் அப்படித்தான். இந்த மனிதரும் அப்படி எதையோ முடித்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று பட்டது. எதை என்றுதான் தெரியவில்லை. "கடவுள் விட்ட வழி" என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அண்ணி முந்திக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, சேலையைச் சரி செய்து, மலாயிலேயே சொன்னார். "சிங்கப்பூர்ல ஒரு பெரிய கம்பெனி அவளக் கூப்பிட்டிருக்கு. நாங்கதான் இன்னும் யோசிக்கிறோம்."

சிங்கப்பூரில் யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் கொஞ்சம் இழுத்தடித்தால் இப்படி ஒரு வார்த்தையை எடுத்துப் போடுவது உண்டு. வேற இடத்துலயும் கேட்டு வந்திருக்காங்க என்போம். கேட்கிறவர்களுக்கும் அது பாதி பொய் என்று தெரியும். தெரிந்தே பெண்ணுக்கு மதிப்பைக் கூட்டிக்கொண்டு மறுநாள் நல்ல பதிலோடு வருவார்கள். அந்த விளையாட்டு அண்ணிக்குத் தெரியும். ஜப்பான்காரருக்குத் தெரியுமா?

அவர் முறுக்கைத் தட்டில் வைத்தார். "அப்படியா," என்றார். நல்லது என்றும் சொன்னார். தலையைத் தாழ்த்தி வணங்கினார். வாசலில் காலணி அவருக்கு வசதியாகத் திரும்பியே இருந்தது. போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"இனிமே தொட மாட்டான்," என்றார் அண்ணி.

நான் இதை மகளிடம் சொல்லவில்லை. சும்மா ஒரு பேச்சு, காற்றோடு போகும் என்று நினைத்தேன். அந்தக் கேக்கை மட்டும் யாரும் தொடவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு அகல் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி நேராக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரு பாஸ்கிட்ட நான் சிங்கப்பூர் போறேன்னு சொன்னது?"

ஜப்பானில் தலைமையகம் கூடிப் பேசி, அடுத்த விளையாட்டை வாடகை எஞ்சினில் செய்வது என்று முடிவெடுத்துவிட்டார்களாம். இவள் பிரிவில் மற்ற மூவருக்கும் அந்தப் புது எஞ்சினைக் கற்றுக்கொடுக்கப் போகிறார்களாம். இவளைக் கூப்பிடவே இல்லை. ஏன் என்று கேட்டால், நீதான் போகப் போகிறாயே, கடைசி நாள் எப்போது என்று ஆபீஸ் பெண் கேட்டாளாம்.

அண்ணி கையிலிருந்த அகலைக் கீழே வைத்தார். "நான்தான் சொன்னேன். கூப்பிட்டிருக்காங்கன்னுதான் சொன்னேன், போறான்னு சொல்லல. கேட்டு வந்திருக்காங்கன்னா கூடக் கொஞ்சம் மேல போட்டுக் கேட்பான்னு பார்த்தேன்."

"அத்தை, இது கல்யாணம் இல்ல!"

"உன்ன அனுப்பிடுவான்னு பயந்துதான்..."

"இப்ப அனுப்பிட்டாங்க. நீங்களே வழி காட்டிட்டீங்க." அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள். "நீங்களும் பக்கத்துலதானேம்மா இருந்தீங்க?"

அன்று என் வீட்டுக்காரர் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மறுபடியும் ராத்திரி ஷிப்ட் கேக்குறேன்," என்று மட்டும் சொன்னார். அது அண்ணிக்குத் திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது. விளக்கு வைத்த பிறகு சாமி அறையில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"நாளைக்கு என்கூட வா. போட்ட பேச்ச எடுக்கணும்னா தட்டோடதான் போகணும்."

பெண் வீட்டார் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுவதென்றால் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தாம்பூலத் தட்டோடு போவதுதான் எங்கள் வழக்கம். நான் தடுத்துப் பார்த்தேன். அண்ணி கேட்கவில்லை. வீட்டிலிருந்து தாம்பாளத்தை எடுத்துக்கொண்டோம். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, பூக்கடையில் வெற்றிலையும் சாமந்தியும், பக்கத்தில் வாழைப்பழமும் ஆரஞ்சும் வாங்கி அடுக்கினோம். பட்டுச் சேலையும் தட்டுமாக இரண்டு கிழவிகள் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தோம்.

காவலுக்கு நின்ற தமிழ்ப் பையன் ஓடி வந்தான். "ஆன்ட்டி, சாப்பாடு டெலிவரி அந்தப் பக்கம்."

"நாங்க சாப்பாடு இல்ல தம்பி," என்றார் அண்ணி. "சம்பந்தம் பேச வந்திருக்கோம்."

"எந்த மாடிக்கு ஆன்ட்டி?" அவன் சிரிப்பை அடக்கியபடி கேட்டான். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. ஆனாலும் மேலே போன் அடித்துச் சொன்னான், நல்ல பிள்ளை.

மேலாளர் இறங்கி வந்தார். தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கீழேயே நாற்காலிகள் இருந்தன, உட்கார்ந்தோம். அண்ணி தட்டை அவர் பக்கம் நீட்டி, மலாயில் சுற்றி வளைக்காமல் சொன்னார். "நான் சொன்னது பொய். சிங்கப்பூர் இல்ல. அவ எங்கயும் போகல. போறதாவும் இல்ல. தப்பு என் மேல, அவ மேல இல்ல." பிறகு தொழிற்சாலையில் கற்ற ஜப்பான் மொழியில் மன்னிப்பும் கேட்டார். அதைக் கேட்டு அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

தட்டை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மெதுவாக, வார்த்தை தேடித் தேடிச் சொன்னார். அந்த எஞ்சினில் சில பகுதிகளை அவரே இளவயதில் எழுதியவராம். அதைக் காப்பாற்றத்தான் மகளை எழுதச் சொன்னாராம். எழுதி வைத்தால் இன்னும் இரண்டு பேரைப் பழக்கலாம் என்று எண்ணமாம். சிங்கப்பூர்ப் பேச்சை அவர் தெரிவித்ததும் தலைமையகம் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டதாம், இந்தப் பெண் போய்விட்டால் அந்த எஞ்சினைத் திறந்து பார்க்க யார் இருக்கிறார்கள் என்று. அவரிடம் பதில் இல்லையாம்.

"நீங்க சொன்னது பொய்தான். ஆனா அவங்க கேட்டது சரியான கேள்வி," என்றார். "ஒரே ஒரு ஆள நம்பி இருக்கிற எஞ்சின் பயமா இருக்கு."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் என் மகளைப் பற்றி இவ்வளவு பெரிய சேதி கேட்கிறார். மறுநாள் அவளையே கூப்பிட்டு ஒரு வார்த்தை, உண்மையா என்று கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை? வீட்டில் சொன்னதை மறுபடி கேட்பது மரியாதை இல்லையாம் அவர்கள் ஊரில். மகளும் அப்படித்தான் சொல்கிறாள். இருக்கலாம். மேலே இருப்பவர்கள் வாடகைக்குப் போகவேண்டும் என்று முன்பே நினைத்திருந்து, சொல்வதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் முறுக்கோடு அது கிடைத்தது என்றும் இருக்கலாம். அதை இன்றுவரை என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. கோயிலில் கற்பூரம் ஒற்றிக்கொள்ளும்போதுகூட அந்த நினைப்பு வருகிறது. முருகா, மனுஷனைத் தப்பாக நினைத்திருந்தால் மன்னித்துக்கொள், சரியாக நினைத்திருந்தால் என் பெண்ணைப் பார்த்துக்கொள் என்று இரண்டையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

முடிவு மாறவில்லை. வாடகை எஞ்சின் வந்தது. ஆனால் மேலாளர் மறுபடி தலைமையகத்துக்கு எழுதினார். பழைய விளையாட்டுகள் இன்னும் விற்பதால் பழைய எஞ்சினுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மகளை வைத்துக்கொண்டார்கள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். "அதெல்லாம் விக்கிற வரைக்கும்மா," என்றாள். காலையில் பழையதைக் கவனிப்பாள். மத்தியானம், காலேஜிலேயே வாடகை எஞ்சினைப் படித்துவிட்டு வந்த சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, புதுசாக வந்தவள் மாதிரி கற்றுக்கொள்வாள். சம்பளம் ஏறவில்லை. வேலை இருக்கிறது. என் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் கேட்கவில்லை. அதற்கு நான் முடி காணிக்கை செலுத்தினேன்.

இப்போது மறுபடி ஒரு பேச்சு. எஞ்சினை வாடகைக்கு விட்டவர்கள் விதியை மாற்றப் போகிறார்களாம். வீட்டுச் சொந்தக்காரன் என்றால் ஒருநாள் வாடகையைக் கூட்டத்தானே செய்வான்? ஜப்பானில் பயந்துபோய், பழைய எஞ்சினில் ஒரு சின்ன விளையாட்டைச் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறார்களாம். போன மாதம் மகள் வந்து சொன்னாள்.

"அம்மா, எல்லாத்தையும் மறுபடி எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க. இந்தத் தடவ பக்கத்துல ரெண்டு பேர உட்கார வச்சு."

அண்ணி உடனே கேட்டார். "கேக்?"

"இன்னும் கொடுக்கல அத்தை."

"பார்ப்போம்."

இந்தத் தீபாவளிக்கு அந்த மேலாளர் மறுபடி வருகிறாராம். அவர் எது கேட்டாலும், உள்ளதை மட்டும் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது என்று சாமி அறையில் வைத்து நானும் அண்ணியும் மகளும் பேசி வைத்திருக்கிறோம். அண்ணி, தான் வாயே திறக்கப் போவதில்லை என்கிறார். அதை நான் நம்பவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் சொந்தத்தில் இந்தக் கதை ஏற்கெனவே பல மாதிரி ஓடுகிறது. மகளுக்கு வேலை போய்விட்டது என்கிறார் ஒருவர். அவள் சிங்கப்பூரில் இருக்கிறாள் என்று ரவாங்கில் ஒரு கல்யாணத்தில் என்னிடமே ஒருவர் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம், அதுவும் இல்லாத ஒன்று, வாய் மாறி வாய் மாறி எவ்வளவு தூரம் போய் எதையெல்லாம் இடித்தது என்று பார்த்துவிட்டேன். அதனால் இதை யாருக்காவது சொல்வதாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் வெளியாட்களிடம் வேலை செய்கிற வீடுகளில் கட்டாயம் சொல்லுங்கள். கண் காது மூக்கு வைக்காதீர்கள். அந்த மனிதரை நல்லவராகவும் ஆக்க வேண்டாம், கெட்டவராகவும் ஆக்க வேண்டாம். எனக்கே தெரியாததை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அண்ணி தட்டோடு போனதை விட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் யாரும் கூப்பிடவில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.